501-ஆவது யூனிட்டின் விலை 243 ரூபாய்: கரண்ட், கேஸ், மளிகைச் செலவைக் குறைப்பது பற்றி

செலவைக் குறைக்கலாம் என்று உட்காருகிற வீடுகளில் முதல் கை விழுவது பெரும்பாலும் பல்பின் மேல்தான். 9 வாட் எல்.இ.டி. பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 2.7 யூனிட். அரை மணி நேரம் ஓடுகிற 150 வாட் கிரைண்டர் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இழுக்காது. இவற்றுக்காக வீட்டில் சண்டை போடுவதில் பயனில்லை. பணம் வேறு இடங்களில் போகிறது. அந்த இடங்கள் சிலதான், அவற்றை அளந்து கண்டுபிடிக்கவும் முடியும்.

முதலில் கரண்ட் பில். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எடுக்கிறார்கள். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. சரியாக 500 யூனிட்டில் நின்றால் பில் 1,805 ரூபாய்.

ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் கணக்கே மாறிவிடுகிறது. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கும் 2.35 கிடையாது, 4.70 தான். அங்கே 235 ரூபாய் கூடுகிறது. 501-ஆவது யூனிட்டுக்கு 8.40. ஆக பில் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டுக்கு நீங்கள் கொடுப்பது 243 ரூபாய்க்கு மேல். 600 யூனிட் ஓடினால் 2,880 ரூபாய். அதாவது 600-இலிருந்து 500-க்கு இறங்கினால் 1,075 ரூபாய் மிச்சம். கட்டணம் திருத்தப்படும்போது புது எண்களை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் பில் தாவுகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

எனவே 480-லிருந்து 600 யூனிட்டுக்குள் ஊசலாடுகிற வீடுகளுக்குத்தான் சிக்கனத்தில் லாபம் அதிகம். இரண்டு மாதம் என்றால் 60 நாள், ஒரு நாளைக்கு 8 யூனிட் என்று வைத்தால் 480-இல் நிற்கும். ரீடிங் எடுத்த அன்றே மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் காலையில் ஒரு ரீடிங். திரையில் எண்கள் மாறி மாறி ஓடும், பக்கத்தில் கே.டபிள்யூ.எச். (kWh) என்று வருகிற எண்தான் உங்களுக்கு வேண்டியது. வாரத்துக்கு 56-க்குள் இருந்தால் கவலையில்லை. மூன்றாவது வாரமே 200-ஐ நெருங்கினால், மீதி ஐந்து வாரத்தில் சரிசெய்ய நேரம் இருக்கிறது. பில் கைக்கு வந்தபிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு விஷயமும் இந்தப் போட்டோவால் தெரியும். கணக்கெடுப்பவர் 5 நாள் தாமதமாக வந்தால், 480-இல் நிற்க வேண்டிய வீடு 520-இல் நிற்கும். தேதி தள்ளிப்போகிறது என்று தெரிந்தால் செக்‌ஷன் ஆபீசுக்கோ மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கோ (94987 94987) போன் செய்து சொல்லுங்கள். கையில் தேதியோடு ரீடிங் இருந்தால் பேசுவது சுலபம்.

மீட்டரின் சிவப்பு விளக்கு

எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிய தனியாகக் கருவி வாங்க வேண்டாம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதன் அருகில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருந்தால், 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். உங்கள் மீட்டரில் 1600 என்றோ வேறு எண்ணோ இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ், செட்டாப் பாக்ஸ், வைஃபை, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்துத்தான். இப்போது விளக்கு மினுக்கவே கூடாது. அளக்க வேண்டிய சாமானை மட்டும் போட்டுவிட்டு, போனில் ஐந்து நிமிடம் டைமர் வைத்து மினுக்கல்களை எண்ணுங்கள். ஒரு நிமிடத்துக்கான எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி, 3200-ஆல் வகுத்து, 1000-ஆல் பெருக்கினால் வாட். 75 வாட் சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 4 தடவை மினுக்கவைக்கும். 1500 வாட் இழுக்கிற ஏ.சி. 80 தடவை. ஃபிரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதால் ஐந்து நிமிடக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஊருக்குப் போகிற நாளில் ஃபிரிட்ஜை மட்டும் விட்டுவிட்டு, போகும்போதும் வந்தபிறகும் ரீடிங் பாருங்கள்.

எல்லாம் அணைத்தபிறகும் விளக்கு மினுக்கினால் அதைச் சும்மா விடாதீர்கள். பல வீடுகளில் அது இன்வெர்ட்டராக இருக்கும். ஸ்விட்சை அணைத்தாலும் பேட்டரிக்கு சார்ஜ் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரி பழசாகி, டிஸ்டில்டு வாட்டர் குறைந்து, பக்கவாட்டில் தொட்டால் சூடாக இருந்தால் அது ராப்பகலாகக் கரண்டைக் குடிக்கிறது என்று அர்த்தம். இன்வெர்ட்டரை பிளக்கிலிருந்தே கழற்றியும் மினுக்கல் நிற்கவில்லையா? வயரிங்கில் எங்கோ எர்த் ஆகி, கரண்ட் கசிந்துகொண்டிருக்கலாம். ஈரச் சுவரில் போகிற மோட்டார் லைன், கீசர் எலிமென்ட், மொட்டை மாடி லைட் இந்த மூன்றையும் முதலில் சந்தேகப்படலாம். இது பில் சமாச்சாரம் மட்டும் இல்லை, ஷாக் அடிக்கிற சமாச்சாரம். எலக்ட்ரீஷியனை அன்றே கூப்பிடுங்கள்.

செட்டாப் பாக்ஸ் இன்னொரு ஓட்டை. ரிமோட்டில் அணைத்தாலும் பெரும்பாலானவை முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். 10 வாட் என்று வைத்தாலும் 60 நாளுக்கு 14 யூனிட். டி.வி. பார்த்து முடித்ததும் சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதும்.

ஃபேன்

நம் ஊரில் ஃபேன்தான் நிஜமான செலவாளி. 75 வாட் ஃபேன் மூன்று, ஒவ்வொன்றும் தினம் 15 மணி நேரம், முழு வேகத்தில் என்றால் ஒரு நாளைக்கு 3.4 யூனிட். அதே காற்றை 30 வாட்டில் தருகிற பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் மூன்று 1.35 யூனிட்தான் எடுக்கும். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 120 யூனிட் வித்தியாசம்.

இதை எல்லோரும் வாங்க வேண்டுமா? இல்லை. ஒரு ஃபேன் 3,000 ரூபாய் என்றால் மூன்றுக்கு 9,000. 600 யூனிட் ஓடுகிற வீடு 480-க்கு இறங்கும்போது பில் 2,880-இலிருந்து 1,679 ஆகிறது. எட்டு பில்லில் போட்ட பணம் திரும்பிவிடும். 300 யூனிட் ஓடுகிற வீட்டுக்கோ, 180-க்கு இறங்கினாலும் மிச்சம் 517 ரூபாய்தான். பணம் திரும்ப மூன்று வருடம் ஆகும். அந்த வீட்டுக்காரர் பழைய ஃபேன் கெட்டுப்போகும்போது மாற்றிக்கொண்டால் போதும்.

மாட்டும்போது நடக்கிற தவறு ஒன்று உண்டு. ரிமோட்டில் ஓடுகிற பி.எல்.டி.சி. ஃபேனைச் சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைத்துவிடுகிறார்கள். குறைந்த வேகத்தில் ஃபேன் திக்கித் திக்கி ஓடும், நாளடைவில் உள்ளே இருக்கும் போர்டு போய்விடும். ரெகுலேட்டரைக் கழற்றி நேர் லைன் கொடுக்கச் சொல்லுங்கள். சுவரிலேயே வேகம் மாற்ற வேண்டுமென்றால் அதற்கென்று வருகிற மாடலைக் கேட்டு வாங்க வேண்டும். போர்டுக்கு எத்தனை வருட வாரண்டி, சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்பதை விலைக்கு முன்னால் விசாரியுங்கள். வாரண்டிக்கு அப்புறம் போர்டு போனால் மிச்சம் பிடித்ததில் பாதி அதற்கே போகும்.

ஏ.சி.யில் ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (பி.இ.இ.) சொல்கிற கணக்கு. 24-க்குப் பதில் 26-இல் வைத்து, ஃபேனை இரண்டாம் எண்ணில் ஓடவிட்டால் உடம்புக்குத் தெரியும் குளிர்ச்சி ஏறக்குறைய அதேதான். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி இருந்தால் பழைய துணியைச் சுருட்டி வையுங்கள்.

கீசர் பற்றி ஒரு தவறான நம்பிக்கை: ஆன் செய்தே வைத்திருந்தால் கரண்ட் குறைவு என்பார்கள். கிடையாது. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடாக்க 0.56 யூனிட் வேண்டும். அணைக்காமல் விட்டால் சூடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிய, தெர்மோஸ்டாட் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கும். குளிக்கிறதுக்குக் கால் மணி நேரம் முன்னால் போட்டு, எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு அணைப்பதுதான் சிக்கனம்.

மோட்டாரும் கவனிக்க வேண்டியது. 1 எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். அரை மணியில் நிரம்பிக்கொண்டிருந்த டேங்க் இப்போது முக்கால் மணி எடுக்கிறதென்றால் ஃபுட் வால்வு ஒழுகுகிறதா, கெப்பாசிட்டர் பலவீனமாகிவிட்டதா, இம்பெல்லர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்தால் சுலபமாக வந்துவிடக் கூடாது. வந்தால் கேஸ்கெட் (கதவு ஓரத்து ரப்பர்) மாற்ற வேண்டும்.

கேஸ்

சிலிண்டர் வாங்கும்போதே கணக்கு ஆரம்பிக்கிறது. கழுத்துப் பகுதியில் காலி எடை பெயின்டில் எழுதியிருக்கும். 15.3 கிலோ என்று இருந்தால் நிரம்பிய சிலிண்டர் 29.5 கிலோ இருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே இருப்பது 14.2 கிலோ. டெலிவரி செய்பவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை, தயங்காதீர்கள். மாட்டிய தேதியை சாக்பீஸால் சிலிண்டர் மேலேயே எழுதுங்கள். வழக்கமாக 40 நாள் வருவது 32 நாளில் தீர்ந்தால் காரணம் தேட வேண்டும். டியூபின் இரண்டு முனைகளிலும் ரெகுலேட்டரைச் சுற்றியும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி வைத்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். எவ்வளவு மீதி இருக்கிறது என்று தெரிய, ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். கேஸ் திரவமாக இருக்கிற மட்டம் வரைக்கும் ஈரம் தாமதமாகக் காயும்.

தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கறுத்தால் கேஸ் முழுதாக எரியவில்லை. பித்தளை பர்னரைப் புளித் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, ஓட்டைகளை ஸ்டவ் குத்துகிற பின்னைக் கொண்டு குத்தி, நன்றாகக் காய்ந்தபிறகு மாட்டுங்கள். அடியில் இருக்கும் ஜெட்டை (கேஸ் வருகிற சின்னத் துளை) மட்டும் அந்தப் பின்னைக் கொண்டு குத்தாதீர்கள். அந்தத் துளை ஒரு நூலளவு பெரிதானாலும் கேஸ் அதிகமாக வந்து, மஞ்சள் தீ நிரந்தரமாகிவிடும்.

சமைக்கும்போது அதிகம் வீணாவது கொதித்த பிறகுதான். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தபிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் சூடு ஏறாது, ஆவிதான் கூடும். குக்கரிலும் அதே கதை. ஒவ்வொரு விசிலும் நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய ஆவி வெளியே போவது. அரிசியை அரை மணி நேரமும் துவரம் பருப்பை ஒரு மணி நேரமும் ஊறவைத்து, கீழே பருப்பு, மேலே அடுக்குப் பாத்திரத்தில் சாதம் என்று ஒரே குக்கரில் வையுங்கள். முதல் விசில் வந்ததும் சிம்முக்கு இறக்கி, பத்து நிமிடத்தில் அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை திறக்காமல் விட்டால் வெந்திருக்கும். மூடியின் ஓரத்தில் ஆவி கசிந்தால் கேஸ்கெட் தளர்ந்துவிட்டது. புதுசு வாங்குகிற காசை ஒரு சிலிண்டரிலேயே எடுத்துவிடலாம்.

இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு சிலிண்டரில் ஆகிற சமையலுக்கு இன்டக்‌ஷனில் தோராயமாக 130 யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 2.35 கொடுக்கிற வீட்டுக்கு அது 305 ரூபாய், 4.70 என்றால் 611, 6.30 என்றால் 819, 8.40 என்றால் 1,092. கடைசியாக வாங்கிய சிலிண்டர் ரசீதை எடுத்து இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 200, 250 யூனிட்டில் இருக்கிற சின்னக் குடும்பத்துக்கு இன்டக்‌ஷன் நல்ல லாபம். 450-இல் இருக்கிற வீடு முழுச் சமையலையும் மாற்றினால் 500-ஐத் தாண்டி நஷ்டத்தில் முடியும். மேலே சொன்ன வாராந்திர ரீடிங் இருந்தால், பால் காய்ச்சுவதையும் வெந்நீர் வைப்பதையும் மட்டும் மாற்றினால் போதுமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

மளிகை

ரேஷன் கார்டு இருந்தும் கடைக்குப் போகாமல் விடுவது பெரிய இழப்பு. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசி இலவசம். வெளியில் பருப்பின் விலை இதைவிடப் பல மடங்கு.

ரேஷன் புழுங்கல் அரிசியைச் சாதத்துக்குப் பிடிக்காதவர்கள் இட்லிக்குப் போடலாம். என்னைக் கேட்டால் இட்லிக்கு அதைவிடப் பொருத்தமான அரிசி கிடையாது. நான்கு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். அரிசியை நான்கைந்து தண்ணீர் விட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். வாடை போவது இந்தக் கழுவலில்தான். அரிசி ஐந்து மணி நேரம் ஊறட்டும், உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும். உளுந்து அதிக நேரம் ஊறினாலும், கிரைண்டரில் சூடானாலும் பொங்காது. ஃபிரிட்ஜ் தண்ணீரைக் கை கையாகத் தெளித்து அரை மணி நேரம் ஆட்டுங்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். அரிசியைக் குருணைப் பதத்தில் ஆட்டி, உப்புப் போட்டு, கையால் கலந்து வையுங்கள். ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் மூன்று கிலோவுக்கு மேல் மாவு தரும். உளுந்தின் விலை மட்டும்தான் செலவு. கடை மாவு பாக்கெட் மூன்று வாங்குகிற காசோடு ஒப்பிட்டால் வாரா வாரம் கிடைக்கிற மிச்சம் தெரியும்.

வெளியில் வாங்கும்போது பாக்கெட்டின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். எண்ணெய் பாக்கெட்டுகள் ஒரே உயரத்தில் இருந்தாலும் சிலது ஒரு லிட்டர், சிலது 850 மில்லி, சிலது 800 கிராம். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் என்று நினைவில் வைத்தால் லிட்டரில் இருப்பதையும் கிராமில் இருப்பதையும் ஒப்பிடலாம். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்றும் இப்போது அச்சிடுகிறார்கள், அதைப் பார்ப்பது இன்னும் சுலபம். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நினைத்து எடுக்காதீர்கள், பிஸ்கட்டிலும் சோப்புத் தூளிலும் சின்னதே மலிவாக இருப்பது உண்டு.

காய்கறிக்கு உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் காலை எட்டு மணிக்குள் போய், வாசலில் இருக்கும் விலைப் பலகையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆவின் பால் தினமும் வாங்குகிற வீடுகள் மாத அட்டைக்கு மாறினால் லிட்டருக்கு விலை குறையும்.

மொத்தமாக வாங்கிச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு பாதிதான். பருப்பு, புளி, மிளகாய் இரண்டு மாதத்துக்கு வாங்கலாம். ரவை, மைதா, கோதுமை மாவு ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம், வண்டு வைத்துவிடும். ரவையை வாங்கியதுமே வெறும் வாணலியில் சூடேற வறுத்து, ஆறியபிறகு டப்பாவில் போட்டால் கொஞ்சம் தாங்கும். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கட்டி கட்டியாகிவிடும். துவரம் பருப்பை ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, நான்கைந்து காய்ந்த மிளகாயோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். புதுப் பருப்பைப் பழையதின் மேல் கொட்டாமல், டப்பா காலியானதும் துடைத்துக் காயவைத்து நிரப்புங்கள்.